தங்கவயலின் நுரையீரலும் கேஸ் ஷீட்டில் இல்லாத கேள்வியும்

சமூக மருத்துவம் பயிலும் இந்திய மாணவருக்குக் கோலார் தங்கவயல் ஒற்றை வரியாகவே அறிமுகமாகிறது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலில் எங்கே, எப்போது அறிவிக்கப்பட்டது? கோலார் தங்கச் சுரங்கம், 1947. தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்கு உரிய விடை இது. பாடநூலின் பல பதிப்புகளில் மாறாமல் அச்சாகி வந்த அந்த வரியைத் தாண்டினால் அடுத்துப் பிற தொழில்களின் பட்டியல் தொடங்கிவிடுகிறது. நோய் கண்டறியப்பட்டோர் என்ன ஆனார்கள், எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார்கள், எந்த ஊருக்குத் திரும்பி எந்தப் பெயரிட்ட நோயால் மாண்டார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை.

அந்த இடமின்மை பாடநூலோடு நின்றிருந்தால் பெரிய இழப்பில்லை. மருத்துவமனை நோயாளிகளிடையே ஆபத்துக் காரணிகளைக் கண்டறிவதாகச் சொல்லிக்கொண்டு ஆண்டுதோறும் எழுதப்படும் முதுநிலை ஆய்வேடுகளுக்குள்ளும் அது புகுந்துவிட்டது. நோயாளியின் வாழ்நாள் தொழிலைக் கேட்காமல் அவரது நோயின் காரணத்தை ஆராய முடியும் என்னும் நம்பிக்கை இன்று ஆய்வுமுறை என்ற பெயரில் கற்பிக்கப்படுகிறது. அந்த நம்பிக்கை தவறானது. தங்கவயலைப் போன்ற ஊரில் அது தவறு மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயில்களை நினைத்துப் பார்க்கலாம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின்னர் தங்கவயலின் பிழைப்பு அந்தத் தண்டவாளத்தின் மீதே ஓடுகிறது. நிலத்தடியில் பாறையைத் துளையிட்டவர்களில் பலர் நகரத்தின் அடுக்குமாடிகளுக்குக் காவலாளிகளாகவும் தூய்மைப் பணியாளர்களாகவும் போனார்கள். 1975இல் 20 வயதில் சுரங்கத்தில் சேர்ந்த ஒருவருக்குச் சுரங்கம் மூடப்பட்டபோது வயது 46. இன்று அவர் 70ஐ எட்டியவர். மூச்சுத் திணறலோடு அவர் ஏதோ ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் நிற்கும்போது, கேஸ் ஷீட்டில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் விழும் சொல் ‘காவலாளி’ அல்லது ‘ஓய்வு’ என்பதே. 26 ஆண்டுகள் குவார்ட்ஸ் தூசியைச் சுவாசித்த ஒரு வாழ்க்கை, பேனா ஒருமுறை அசைவதற்குள் மறைந்துபோகிறது.

அதன் பிறகு நடப்பதை ஆய்வு மாணவர்கள் நன்கு அறிவார்கள். ‘மூன்றாம் நிலை மருத்துவமனை ஒன்றில் நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளிடையே ஆபத்துக் காரணிகள்: ஒரு குறுக்குவெட்டு ஆய்வு’ என்றொரு தலைப்பு. 100 அல்லது 150 நோயாளிகள். முந்தைய ஆய்வேட்டிலிருந்து எடுத்த வினாப்படிவம். புகை, மது, நீரிழிவு, இரத்த அழுத்தம், உடல் எடை, கல்வி, வருமானம் என்று கட்டங்கள். முடிவுரையில் புகைப்பழக்கமும் தாழ்ந்த சமூகப் பொருளாதார நிலையும் ‘புள்ளியியல் முக்கியத்துவம் வாய்ந்த காரணிகள்’ என்று எழுதப்படும். பரிந்துரையாக ‘விழிப்புணர்வு’ என்ற சொல் இடம்பெறும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வழிகாட்டியின் கையொப்பமும் முறைப்படி இருக்கும். இத்தனைக்கும் பிறகு தூசி என்ற சொல் ஆய்வேட்டின் ஒரு பக்கத்திலும் இராது.

தொழிலைப் பற்றிய கேள்வியே இல்லை என்று சொன்னால் வழிகாட்டிகள் மறுப்பார்கள். குப்புசாமி அளவுகோலில் தொழில் இருக்கிறதே என்பார்கள். 1976இல் பி. குப்புசாமி வகுத்த அந்த அளவுகோல் கல்வி, தொழில், வருமானம் ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து நோயாளியை ஒரு சமூகப் படிநிலையில் நிறுத்துகிறது. அதற்காக உருவான கருவி அது. அந்த வேலையை அது செய்கிறது. ஆனால் அதில் தொழில் என்பது உடலுக்கு நேர்ந்ததைச் சொல்லும் செய்தியாக இல்லை, திறன் உள்ளதா இல்லையா என்ற தரவரிசையாக இருக்கிறது. பாறை துளைத்தவரும் மரம் இழைத்தவரும் ஒரே மதிப்பெண்ணுக்குள் அடங்கலாம். அதிலும் கேட்கப்படுவது குடும்பத் தலைவரின் தொழில். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி மகன் வீட்டில் வாழ்ந்தால் மகனின் வேலையே கட்டத்தில் ஏறும். தந்தையின் நுரையீரலை மகனின் சம்பளத்தைக் கொண்டு விளக்கும் இந்த ஏற்பாட்டை அறிவியல் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

கேட்காத கேள்வி ஆய்வின் முடிவைச் சும்மா விட்டுவைப்பதில்லை. அளக்கப்படாத காரணியின் சுமை அளக்கப்பட்ட காரணிகளின் தலையில் ஏறுகிறது. நிலத்தடியில் வேலை செய்தவர்களிடையே பீடியும் சாராயமும் மிகுதியாக இருந்தால், தூசி செய்த தீங்கின் ஒரு பகுதி பீடியின் கணக்கில் எழுதப்படும். புள்ளியியல் மொழியில் இது குழப்பக் காரணியைக் கட்டுப்படுத்தத் தவறிய பிழை. சமூக மொழியில் இது, நிறுவனத்தின் கடனைத் தொழிலாளியின் ஒழுக்கத்தின் பெயரில் வசூலிப்பது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியமர்ந்த தமிழ்த் தலித் மக்களே தங்கவயலின் நிலத்தடி உழைப்பாளர்களில் பெரும்பாலோர். குடியும் புகையும் அவர்களுடைய இயல்பு என்று சொல்வதற்குச் சாதியச் சமூகம் எப்போதும் ஆயத்தமாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு இன்று ஆய்வேடுகள் எண்ணாலான சான்றிதழ் வழங்குகின்றன.

நோயின் இயல்பைச் சற்று நினைவுகூர்வது தேவை. தங்கவயலின் பொன் குவார்ட்ஸ் நாளங்களில் பொதிந்திருந்தது. குவார்ட்ஸ் என்பது படிக வடிவிலான சிலிக்கா. துளையிடும்போதும் வெடிவைக்கும்போதும் கல்லை நொறுக்கும்போதும் அதன் நுண்துகள்கள் காற்றில் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய துகள்களே நுரையீரலின் காற்றுப்பைகளை அடைகின்றன. அவற்றை விழுங்கும் காப்பணுக்கள் அவற்றைச் செரிக்க முடியாமல் மடிகின்றன. அந்த இடத்தில் வடுவும் முடிச்சும் உண்டாகின்றன. பெரும்பாலும் 10, 20 ஆண்டுகள் கழித்தே நோய் வெளித்தெரியும். வேலையை விட்ட பின்னரும் நோய் முற்றும். அதனால் சுரங்கத்தின் கதவு மூடிய நாள், நோயின் கதவு மூடிய நாள் ஆகாது.

சிலிக்கோசிஸ் தனியாக வருவதும் குறைவு. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் வருவதற்கான வாய்ப்பு பல மடங்கு அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் தொழிலிடங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. இவை யாவும் பாடநூலில் உள்ளவை. சிலிக்கோசிஸ் உடைய காசநோயாளிக்கு வழக்கமான ஆறு மாத மருத்துவத்தை நீட்டிக்க வேண்டியிருக்கலாம் என்பதும் நூலில் உண்டு. எனவே ‘நீங்கள் முன்பு என்ன வேலை செய்தீர்கள்?’ என்பது வரலாற்று ஆர்வத்தால் கேட்கப்படும் கேள்வி ஆகாது. அதன் விடையால் மருந்தின் காலம் மாறக்கூடும். அந்தக் கேள்வியைக் கேட்காத மருத்துவர் ஆய்வில் மட்டும் பிழை செய்வதில்லை; நோயாளியின் மருத்துவத்திலும் பிழை செய்கிறார்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாஸினி தொழிலாளர் நோய்களைப் பற்றிய தம் நூலை 1700இல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு அவருடைய தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவருடைய பெயர் தேர்வில் கேட்கப்படுகிறது. அவருடைய கேள்வி நோயாளியிடம் கேட்கப்படுவதில்லை.

இதில் கூடுதலான வேதனை என்னவெனில், மருத்துவ ஆய்வின் மூலம் தொழிலே நோய்க்குக் காரணம் என்று இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் இடங்களுள் ஒன்று தங்கவயலே. ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் அங்கே கால்பதித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30,000க்கும் மேற்பட்டோர் அங்கே உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டரைத் தாண்டி இறங்கியது. மைசூர் சமஸ்தானம் 1940இல் சிலிக்கோசிஸ் விதிகளை வகுத்தது. அந்தப் பத்தாண்டில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் மார்பு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ பத்தில் நால்வருக்கு நோயின் அடையாளங்கள் காணப்பட்டன. பாடநூலின் அந்த ஒற்றை வரி இந்தப் பெரும் எண்ணிக்கையின் மீது நிற்கிறது.

அந்த ஆய்வில் பங்கேற்ற மருத்துவர்களுள் ஒருவர் அந்தோணி கேப்லன். தங்கவயலில் தூசி நோயைக் கற்ற அவர் பின்னர் பிரிட்டனுக்குத் திரும்பி, வேல்ஸ் நாட்டின் நிலக்கரித் தொழிலாளர்களைப் பரிசோதிக்கும் கார்டிஃப் மருத்துவக் குழுவில் பணியாற்றினார். மூட்டுவாதம் உடைய நிலக்கரித் தொழிலாளர்களின் எக்ஸ்ரேயில் தென்பட்ட தனித்தன்மையான முடிச்சுகளை 1953இல் அவர் விவரித்தார். ‘கேப்லன் சின்ட்ரோம்’ என்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படிப்பது அதைத்தான். அவருடைய உழைப்பும் கூர்மையும் மதிப்புக்குரியவை. அந்தப் பெயர் நிலைத்ததில் குறையொன்றுமில்லை. ஆனால் நுரையீரல் நிழல்களை வாசிக்கும் பயிற்சியை அவருக்கு அளித்த படங்கள் தங்கவயல் தொழிலாளர்களுடையவையும்தாம். மருத்துவ அறிவு அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டது. அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது என்ன என்று கேட்பது இன்றைய ஆய்வாளரின் கடமை.

1940களின் ஆய்வையும் அப்படியே வழிபட வேண்டியதில்லை. வேலையில் இருந்தவர்களை அது பரிசோதித்தது. வேலை செய்ய முடியாத அளவுக்கு மூச்சிழந்தவர் வேலையில் இருந்திருக்க மாட்டார். சொந்த ஊருக்குத் திரும்பியிருப்பார். நலமான தொழிலாளர் விளைவு என்று நோய்ப்பரவலியல் இதைக் குறிப்பிடுகிறது. உழைக்கும் உடல்களை மட்டும் எண்ணும் கணக்கு நோயைக் குறைத்தே காட்டும். பத்தில் நால்வர் என்பதே குறைந்த மதிப்பீடாக இருக்கக்கூடும். எஞ்சியவர்கள் வட ஆற்காட்டுச் சிற்றூர்களின் திண்ணைகளில் இருமிக்கொண்டிருந்தார்கள். அந்தத் திண்ணை வரை எந்த எக்ஸ்ரே வண்டியும் போகவில்லை.

அதே காலத்தில், 1946இல், அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜோசஃப் பெர்க்ஸன் மருத்துவமனைத் தரவுகளைப் பற்றி எச்சரித்தார். மருத்துவமனைக்குள் வந்து சேர்வோர் ஊரின் பிரதிநிதிகள் அல்லர். ஒருவர் அங்கே வந்து சேர்வதே பல காரணங்களால் தீர்மானிக்கப்படுகிறது. அதனால் வார்டுக்குள் தென்படும் தொடர்பு வெளியே இல்லாமலும் இருக்கலாம், வெளியே உள்ள தொடர்பு வார்டுக்குள் மறைந்தும் போகலாம் என்பதே அவர் காட்டிய உண்மை. தங்கவயலுக்கு அது அப்படியே பொருந்தும். சுரங்க மருத்துவமனை இயங்கிய காலத்தில் தொழிலாளி தன் ஊரிலேயே படுத்தார். அது மூடப்பட்ட பின்னர், கோலாருக்கும் பெங்களூருக்கும் வேலூருக்கும் பயணச் செலவு செய்ய முடிந்தவர் மட்டுமே நோயாளி ஆனார். முடியாதவர் எந்த ஆய்வேட்டின் மாதிரியிலும் இல்லை. இந்தச் சார்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் ‘இப்பகுதி மக்களிடையே’ என்று முடிவுரை எழுதும் துணிவு எங்கிருந்து வருகிறது?

தங்கவயலில் அறிவியல் இல்லாமல் போனதாகவும் யாரும் சொல்ல முடியாது. 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, பிரிட்டானிய ஆய்வாளர்களும் இதே சுரங்கத்தின் ஆழத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டார்கள். 1980களில் புரோட்டான் சிதைகிறதா என்று அறியும் சோதனை அங்கே நடந்தது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டது. பாறை எப்போது வெடிக்கும் என்று காதுகொடுத்துக் கேட்கக் கருவிகள் வந்தன. இவை அனைத்தும் பெருமைக்குரியவை. பாறையை ஊடுருவிச் செல்லும் துகளையும் பாறையின் முறிவையும் பதிவு செய்ய முடிந்த நாட்டுக்கு, அந்தப் பாறையின் தூசி படிந்த நெஞ்சைத் தொடர்ந்து கவனிக்கும் திறன் இல்லாமல் போயிருக்க முடியாது. திறன் இருந்தது, முன்னுரிமை இல்லை.

அதற்குச் சான்று தேவையெனில் 1990ஐப் பார்க்கலாம். சுரங்கத் தொழிலாளர்களின் உடல்நலத்துக்கென்றே இந்திய அரசு ஒரு தேசிய நிறுவனத்தை அவ்வாண்டு அமைத்தது. கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான அதன் பதிவு அலுவலகம் தங்கவயல். மைய ஆய்வகம் நாக்பூர். 2019 ஜூலையில் மத்திய அமைச்சரவை அந்நிறுவனத்தைக் கலைத்து, அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நல நிறுவனத்தோடு இணைக்க ஒப்புதல் அளித்தது. நிர்வாகச் சிக்கனத்துக்கு இதில் நியாயம் இருக்கலாம். ஆயினும் வரைபடத்தை விரித்து வைத்தால் ஒன்று தெளிவாகும்: நோய் இருந்த ஊர் முகவரியில் இருந்தது, ஆய்வகம் வேறிடத்தில் இருந்தது, இறுதியில் முகவரியும் போயிற்று.

இந்த வாதத்துக்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் மறுப்புகள் நான்கு.

முதலாவது, ‘எல்லாரும் புகைப்பவர்கள், எப்படிப் பிரித்தறிவது?’ என்பது. புகை சிலிக்கோசிஸை உண்டாக்குவதில்லை. சிலிக்கா முடிச்சின் நிழலை எந்தப் பீடியாலும் நெய்ய முடியாது. நாட்பட்ட மூச்சடைப்பிலும் நுரையீரல் புற்றிலும் இரண்டும் சேர்ந்து தீங்கை மிகுவிக்கும் என்பது உண்மையே. இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன என்றால் இரண்டையும் அளக்க வேண்டும். ஒன்றை அளந்து மற்றதை விட்டுவிடுவதற்கு அது எப்படிக் காரணமாகும்?

இரண்டாவது, ‘சுரங்கமே மூடிவிட்டது, இது முடிந்த கதை’ என்பது. நோயின் இயல்பு தெரிந்த எவரும் இதைச் சொல்லக் கூடாது. முன்னாள் தொழிலாளர்கள் உயிரோடு இருக்கிறார்கள்; அவர்களுடைய நோய் வளரும் பருவம் இதுவே. மேலும், பிரித்தெடுத்தபின் எஞ்சிய அரைத்த பாறை மூன்று கோடி டன்னுக்கும் மேலாக ஊரை ஒட்டிக் குவிந்து கிடக்கிறது. ஊரார் அதைச் சயனைடு மலை என்கிறார்கள். காற்றுக் காலத்தில் அதன் தூசி மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வீட்டுக்குள் வந்து படிகிறது. சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்காத பெண்களும் குழந்தைகளும் அந்தத் தூசியால் எந்த அளவு பாதிக்கப்படுகிறார்கள் என்பது ஊகத்தால் தீர்க்க வேண்டிய கேள்வி ஆகாது. காற்றை அளந்து, மார்பைப் பரிசோதித்துத் தீர்க்க வேண்டியது.

மூன்றாவது, ‘நினைவை நம்ப முடியாது, தூசியின் அளவு பற்றிய தரவும் இல்லை’ என்பது. தான் எத்தனை பீடி குடித்தார் என்று ஒருவர் நினைவிலிருந்து சொல்வதை ஏற்று ‘பேக் ஆண்டு’ கணக்கிடும் ஆய்வாளர், எத்தனை ஆண்டு நிலத்தடியில் இருந்தார் என்று அவரே சொல்வதை மட்டும் ஏன் ஐயுறுகிறார்? தொழிலாளிக்குத் தன் ஷாஃப்டும் தன் வேலையும் மறப்பதில்லை. பலரிடம் பணிச் சான்றும் வருங்கால வைப்புநிதிக் காகிதமும் உண்டு. தொழிற்பெயரையும் ஆண்டுகளையும் கொண்டு தூசி வெளிப்பாட்டை மதிப்பிடும் முறைகள் உலகெங்கும் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன.

நான்காவது, ‘இது தொழிலாளர் துறையின் வேலை, மருத்துவமனையின் வேலை அன்று’ என்பது. இது சட்டம் அறியாதார் கூற்று. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, சுரங்கத்தில் வேலை செய்பவர் மட்டுமன்றி முன்பு வேலை செய்தவரும் அறிவிக்கப்பட்ட நோயோடு வந்தால், அவரைப் பார்க்கும் மருத்துவர் தாமதமின்றித் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. நோய் உறுதியாக வேண்டும் என்பதில்லை. இருப்பதாக மருத்துவர் கருதினாலே போதும். முன்பு வேலை செய்தவர் என்ற சொற்களைச் சட்டம் எழுதியவர்கள் காரணமின்றிச் சேர்க்கவில்லை. கேஸ் ஷீட்டில் பழைய தொழில் இல்லையென்றால் அந்தப் பிரிவு உயிரற்ற எழுத்தாகிவிடும். அறிவிப்பு இல்லை என்பதால் நோயாளி இல்லை, நோயாளி இல்லை என்பதால் இழப்பீடு இல்லை, இழப்பீடு இல்லை என்பதால் நோயே இல்லை என்று இந்தச் சங்கிலி நீளும்.

இந்தச் சங்கிலியை ஆய்வால் அறுக்க முடியும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று. அங்கும் தங்கம், அங்கும் குவார்ட்ஸ், அங்கும் தொலைதூரச் சிற்றூர்களிலிருந்து ஒப்பந்தத்துக்கு அழைத்துவரப்பட்டு, மூச்சு போனபின் திருப்பி அனுப்பப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள். 1911 முதலே இழப்பீட்டுச் சட்டங்கள் இருந்தன. ஆனால் ஊர் திரும்பியோர் கணக்கில் இல்லை. 1990களில் ஆய்வாளர்கள் மருத்துவமனை வாசலில் காத்திருக்காமல் அந்தச் சிற்றூர்களுக்கே போனார்கள். போட்ஸ்வானாவின் தமாகா என்ற ஊரில் 304 முன்னாள் தொழிலாளர்களைப் பரிசோதித்து 1997இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நான்கில் ஒருவருக்கும் மேல் தூசி நுரையீரல் நோய் இருப்பதைக் காட்டியது. அவர்களுள் பெரும்பாலோர் எந்த இழப்பீட்டையும் பெறாதவர்கள்.

அத்தகைய ஆய்வுகள் குவிந்த பின்னர் வழக்குகளுக்கு எலும்பு முளைத்தது. 2011இல் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம், நோயுற்ற சுரங்கத் தொழிலாளி தம் நிறுவனத்தின் மீது நேரடியாக வழக்குத் தொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2016இல் கூட்டு வழக்குக்கு அனுமதி கிடைத்தது. 2019 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் ஏறத்தாழ 500 கோடி ரேண்ட் மதிப்பிலான உடன்பாட்டை ஏற்றது. பணம் உரியவர்களிடம் போய்ச் சேர்வதில் தாமதமும் குறைகளும் அங்கே பேசப்படுகின்றன. அவை ஒருபுறம் இருக்க, முன்னாள் தொழிலாளி என்ற மனிதர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும்படி ஆனார். இந்தியாவிலேயே ராஜஸ்தான் அரசு 2019இல் தூசி நுரையீரல் நோயாளிகளுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து நிதியுதவியும் ஓய்வூதியமும் அறிவித்தது. கல் உடைப்போரும் அவர்களோடு நின்ற அமைப்புகளும் நோயாளிகளைக் கணக்கெடுத்துக் காட்டியதன் பயன் அது. கணக்கெடுப்பு முதலில் வந்தது; உரிமை அதன் பின்னே வந்தது.

ஆகவே தங்கவயலைச் சுற்றியுள்ள மருத்துவக் கல்லூரிகளும், அதன் மக்கள் சென்று சேரும் பெங்களூரு, வேலூர் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. நுரையீரல் நோயோடு வரும் ஒவ்வொருவரிடமும் ஐந்து கேள்விகள் கேட்கப்பட வேண்டும்.

1. வாழ்நாளில் செய்த வேலைகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டுகள்?
2. சுரங்கம் எனில் எந்தச் சுரங்கம், நிலத்தடியா, மேற்பரப்பா?
3. துளையிடுதல், வெடிவைத்தல், அள்ளுதல், கல் நொறுக்குதல் ஆகியவற்றுள் எது? தண்ணீர் பாய்ச்சித் துளைத்தார்களா, உலர்வாகவா?
4. வேலையை விட்டபின் மார்பு எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா? காசநோய்க்கு எத்தனை முறை மருந்து உண்டார்?
5. சயனைடு மலைக்கு அருகே எத்தனை ஆண்டுகள் குடியிருந்தார்?

இவற்றைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். இந்த விடைகள் இல்லாத ஆய்வு முன்மொழிவை நெறிமுறைக் குழுக்கள் திருப்பி அனுப்ப வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் எக்ஸ்ரே வகைப்பாட்டைப் படிக்கத் தெரிந்தவர்களைக் கல்லூரிகள் உருவாக்க வேண்டும். சிலிக்கோசிஸ் முடிச்சைக் காசநோய் என்று வாசித்து மருந்து கொடுப்பதும், சிலிக்கோசிஸோடு வந்த காசநோயைக் காசநோயாக மட்டும் வாசிப்பதும் இதனால் குறையும். சுரங்க மருத்துவமனையின் பழைய பதிவேடுகளையும் படங்களையும் தேடித் திரட்டிக் காப்பது வரலாற்றுத் துறையும் மருத்துவத் துறையும் இணைந்து மேற்கொள்ள வேண்டிய பணி. முன்னாள் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலைக் கொண்டு திருப்பத்தூர், வேலூர், சித்தூர்ச் சிற்றூர்கள் வரை தேடிச் செல்லும் ஆய்வு ஒன்றுக்கு ஏதேனும் ஒரு பல்கலைக்கழகம் முன்வர வேண்டும். பட்டியலில் உள்ளோர் ஆண்டுதோறும் குறைகிறார்கள். இன்னும் பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த ஆய்வுக்கு நிதி கிடைக்கலாம். பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

படிப்பையும் பதிவையும் தங்கவயல் மக்கள் யாரிடமும் கடன் வாங்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளைச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்தே அச்சிட்டுப் பாதுகாத்தவர்கள் அவர்கள். சித்த மருத்துவரான அவரை ஆசானாகக் கொண்ட சமூகம் தன் உடலைப் பற்றிப் பேசத் தெரியாமல் இருந்ததில்லை. கேட்பார் இல்லாமல் இருந்தது.

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது, இருபது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த சுரங்க மருத்துவமனையைத் தன்னார்வலர்கள் திறந்து கழுவி, கட்டில்களை நிமிர்த்தி, மீண்டும் நோயாளிகளுக்கு உரியதாக்கினார்கள். அவசரம் என்று முடிவு செய்துவிட்டால் சில வாரங்களில் எதுவும் நடக்கும் என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி. மூச்சுத் திணறலோடு அந்த வார்டுகளுக்கு வரக்கூடிய முதியவர்களுள் நிலத்தடி வேலை பார்த்தவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய கேஸ் ஷீட்டில் தொழில் என்ற கட்டத்தை அடுத்த ஆய்வு மாணவர் எப்படி நிரப்பப்போகிறார் என்பதில்தான், பாடநூலின் அந்த 1947ஆம் ஆண்டு வரிக்கு இரண்டாவது வரி எழுதப்படுமா என்பது அடங்கியிருக்கிறது.